பழைய மகிழுந்து: வாங்கலாமா, வேண்டாமா?

ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில், வீட்டுக் கொட்டகையில் பல்லாண்டுகளாக நின்றிருந்த மோரிஸ் மைனர் மகிழுந்து விற்பனைக்கு வருகிறது என வைத்துக்கொள்வோம். விலை 6,000 ரிங்கிட். தாத்தா காலத்து வண்டி என்று குடும்பத்தார் அனைவரும் ஆசைப்படுகின்றனர். சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்து அதனை வாங்கிப் புதுப்பிக்கலாமா?

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வகை மகிழுந்துகள் 1.6 மில்லியனுக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டன. மலாயாச் சாலைகளிலும் ஓடின. எண்ணிக்கை மிகுதியாக இருந்ததால் இவற்றின் உதிரிப் பாகங்களை இன்றும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடிகிறது. அரிய வகை வண்டியாயின், ஒரு கண்ணாடிக்காகவே மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். ஆகவே, உதிரிப் பாகங்கள் கிடைக்குமா என்பதே முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி துருவைப் பற்றியது. இயந்திரம் ஓடினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், மோரிஸ் மைனருக்குத் தனி அடிச்சட்டகம் இல்லை. அதன் உடற்பகுதியே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. தரைத்தகடும் கதவுகளின் கீழ்ப்பகுதியும் துருப்பிடித்திருந்தால் வண்டியே வலுவிழந்துவிடும். நம் நாட்டின் மழையும் ஈரக்காற்றும் துருவை விரைவில் பரப்புகின்றன. சிலர் ஓட்டைகளைப் பட்டி பூசி, சாயம் அடித்து மறைத்துவிடுவர். அத்தகைய இடத்தில் காந்தம் ஒட்டாது. எனவே, சிறு காந்தம் ஒன்றைக் கையில் எடுத்துச் செல்வது நல்லது.

மூன்றாவதாக, மொத்தச் செலவைக் கணக்கிட வேண்டும். மேற்கண்ட வண்டியில் துருப்பிடித்த பகுதிகளை வெட்டிப் பற்றவைக்க 9,000 ரிங்கிட், இயந்திரத்துக்கு 4,000 ரிங்கிட், சாயத்துக்கு 5,000 ரிங்கிட், பிரேக், மின்கம்பிகள், இருக்கைகளுக்கு 4,000 ரிங்கிட் தேவை எனக் கொள்வோம். வாங்கிய விலையுடன் சேர்த்தால் 28,000 ரிங்கிட் ஆகிறது. உடற்பகுதி நன்றாக உள்ள மற்றொரு வண்டி 12,000 ரிங்கிட்டுக்குக் கிடைத்து, இயந்திரத்தையும் சில்லறைப் பழுதுகளையும் சரிசெய்ய 6,000 ரிங்கிட் போதுமென்றால், மொத்தம் 18,000 ரிங்கிட்தான். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்' என்னும் பழமொழி மலிவாகத் தோன்றும் முதல் வண்டிக்கே பொருந்துகிறது.

நான்காவது, ஆவணங்கள். உரிமையை மாற்றும்போது வண்டியின் இயந்திர எண்ணும் அடிச்சட்டக எண்ணும் பரிசோதிக்கப்படும். அவை பதிவு விவரங்களுடன் ஒத்திராவிட்டால் உரிமை மாற்றம் தடைபடும். உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசுகள் முறைப்படி தீர்வு காணும்வரை முன்பணம் கொடுக்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பின்னரும், இலாபத்திற்காக மட்டும் வாங்குவது அறிவுடைமையாகாது. புதுப்பிக்கச் செலவிட்ட பணம் விற்பனை விலையில் முழுமையாகத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. பணம் தீர்ந்து, பாதி வேலையில் நின்றுபோன வண்டி மீண்டும் கொட்டகைக்கே திரும்பும். அதனுடன் குடும்பத்தின் சேமிப்பும் முடங்கிவிடும்.

அப்படியானால் இம்முயற்சி வீணா? இல்லை. அவசரத் தேவைக்கான சேமிப்பைத் தொடாமல், மாதந்தோறும் இயன்ற தொகையை ஒதுக்கி, பட்டறை வேலையையும் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு இது பயனுள்ள பொழுதுபோக்கு. தாத்தாவின் நினைவைப் போற்றுவது சிறப்பே. அதற்காகப் பேரனின் கல்விப் பணத்தைச் செலவிடாதிருப்பது அதனினும் சிறப்பு.