எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்



எழுத்தை எண்ணாகப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பழைய தமிழ்க் கணக்கில் க என்றால் 1, உ என்றால் 2, அ என்றால் 8. அரபியின் அப்ஜத் முறையிலும் அலிஃபுக்கு 1, பேவுக்கு 2 என ஒவ்வோர் எழுத்துக்கும் மதிப்பு உண்டு. கணினியும் எழுத்துகளை எண்களாகவே வைத்திருக்கிறது. அந்த எண்களை ஆர்டுயினோ பலகையில் அச்சிட்டுப் பார்ப்பதே இம்மாதப் பாடம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஓடைப்பட்டி என்றதும் நினைவுக்கு வருவது விதையில்லாத் திராட்சை. தோட்டத்து மோட்டார் நின்றால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவியை ஓர் ஆர்டுயினோவும் சிம் போடும் மோடமும் கொண்டு நாமே செய்யலாம். ஆனால் செய்தி ஆங்கிலத்தில் வந்தால், அதைப் படித்துச் சொல்ல அத்தா பேரனைத் தேட வேண்டும். தமிழில் வர வேண்டுமானால் எழுத்தின் எண் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே எண், நான்கு வடிவம்

ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ-யின் ஆஸ்கி எண் 65. ஆர்டுயினோவின் அச்சிடும் கட்டளையில் எந்த அடிமானம் என்று சொன்னால், அதே எண்ணை அது நான்கு விதமாகக் காட்டும்:

பத்தடிமானம் (டெக்): 65
பதினாறடிமானம் (ஹெக்ஸ்): 41
எட்டடிமானம் (ஆக்ட்): 101
இரண்டடிமானம் (பின்): 1000001

மதிப்பு மாறவில்லை, எழுதும் முறைதான் மாறியது. 41 என்றால் நான்கு பதினாறும் ஒன்றும்: 64 + 1 = 65. பதினாறடிமானத்தில் 10 முதல் 15 வரையிலான மதிப்புகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்ற எழுத்துகள் நிற்கும்.

தமிழுக்கு எண்

ஆஸ்கியில் உள்ளவை 128 எண்கள் மட்டுமே. தமிழுக்கு அங்கே இடமில்லை. யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. ‘நீர்’ என்ற சொல்லைப் பாருங்கள். நாம் காண்பது இரண்டு எழுத்து; யூனிகோடில் நான்கு குறியீடு:

ந – 0பிஏ8
ஈகாரக் குறி – 0பிசி0
ர – 0பிபி0
புள்ளி – 0பிசிடி

மோடத்தை யூசிஎஸ்2 முறைக்கு மாற்றினால், செய்தியை இப்படிப் பதினாறடிமானத்தில், குறியீட்டுக்கு நான்கு இலக்கமாக, இடைவெளியின்றிக் கேட்கும்.

ஒரு செய்தியில் 140 பைட் அடங்கும். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்பதால் 70 மட்டுமே. ‘நீர்’ ஒன்றே அதில் நான்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே செய்தியைச் சுருக்கமாக எழுதுங்கள்.

கவனிக்க வேண்டிய இரண்டு

ஒன்று: ஆர்டுயினோ முன்னால் உள்ள சுழியத்தை அச்சிடாது. 0பிஏ8 என்பதை பிஏ8 என்றே அனுப்பும். மோடம் நான்கு நான்காகப் பிரிப்பதால், ஒரு சுழியம் விட்டுப்போனாலும் அதற்குப் பின்வரும் எல்லா எழுத்தும் குலைந்துவிடும். எனவே குறியீடு 4096-க்குக் குறைவானால் ஒரு சுழியத்தையும், 256-க்குக் குறைவானால் இரண்டு சுழியங்களையும் நாமே முதலில் அச்சிட வேண்டும். சொற்களுக்கு நடுவே வரும் இடைவெளியின் எண் 32. அது 0020 என்று போக வேண்டும்.

இரண்டு: நிரலுக்குள் ‘நீர்’ என்று நேராகத் தட்டி, பைட் பைட்டாக அச்சிட்டால் நான்குக்குப் பதில் பன்னிரண்டு எண்கள் வரும். அது யூடிஎஃப்-8 முறை. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். மோடம் கேட்பது அதுவல்ல. ஆகவே யூனிகோடு எண்களை ஒரு வரிசையாக நிரலில் எழுதி, ஒவ்வொன்றாக அச்சிடுங்கள்.

பயிற்சி

‘ஓடைப்பட்டி’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்து. யூனிகோடில் பத்துக் குறியீடு. முதலாவது 0பி93. மற்ற ஒன்பதையும் அட்டவணை பார்த்து எழுதுங்கள். பிறகு ‘மோட்டார் நின்றது’ என்பதையும் எழுதி, 70-இல் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். கணக்குச் சரியாக வந்தால் உங்கள் வீட்டுப் பெரியவருக்கே முதல் செய்தியை அனுப்புங்கள்.