ஏகாதசி நிர்ணயமும் வானக் கணிதமும்

வேதத்தின் அங்கங்கள் ஆறு. அவற்றுள் ஜ்யோதிஷத்தை வேதபுருஷனின் கண் என்பர் பெரியோர். கண்ணின் தொழில் காண்பதே. யாகத்திற்குரிய பருவமும் பர்வமும் எப்பொழுது வருகின்றன என்று வானத்தைக் கண்டு சொல்வதற்காகவே அந்த அங்கம் எழுந்தது. வேதாங்க ஜ்யோதிஷம் என வழங்கும் பழைய நூலில் சூரிய சந்திரர்களின் கதியும், நட்சத்திரங்களும், திதியும், அயனமும் உண்டு. பன்னிரண்டு ராசிகள் இல்லை. பிறந்த வேளையைக் கொண்டு பலன் சொல்லும் முறையும் இல்லை. இது பலருக்கு வியப்பாகத் தோன்றலாம்.

ஜாதக சாஸ்திரம் பின்னர் வந்து சேர்ந்தது. ஹோரை என்ற சொல்லே யவனர் மொழியிலிருந்து வந்தது. கி.பி. ஆறாம் நூற்றாண்டினரான வராஹமிஹிரர், ஜ்யோதிஷத்தைக் கணிதம், ஹோரை, ஸம்ஹிதை என மூன்று ஸ்கந்தங்களாக வகுத்துரைத்து மூன்றிலும் நூல் செய்தார். சந்திர கிரகணத்தின் காரணம் பூமியின் நிழலே, ராகு அல்ல என்று தெளிவாக எழுதிய அதே கை கிரகணத்தின் பலாபலன்களையும் எழுதியது. இரண்டையும் அவர் ஒன்றாகக் குழப்பவில்லை என்பதே கருதத்தக்கது. கிரகம் எங்கே நிற்கிறது என்பது கணிதம். அதனைக் கண்ணால் சோதிக்கலாம். அங்கே நிற்பதால் மனிதருக்கு என்ன விளையும் என்பது பலபாகம். அதற்கு அத்தகைய சோதனை இல்லை, நூல் வழக்கும் நம்பிக்கையுமே ஆதாரம்.

திருக்கோயில் உற்ஸவங்கள் நிற்பது முதற்பகுதியின்மேல். ஏகாதசி விரதத்தையே எடுத்துக்கொள்ளலாம். சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. விலக்கம் 120 பாகையிலிருந்து 132 பாகை வரை உள்ள காலமே சுக்ல ஏகாதசி. சந்திரனுடைய நடை ஒரே சீரானதன்று. ஆகையால் ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்தில் முடியும், சில சமயம் 27 மணியை நெருங்கும். திதி முடியும் கணம் பகலிலும் வரும், நள்ளிரவிலும் வரும்.

வைஷ்ணவ ஸம்பிரதாயத்தில் இங்கே ஒரு கடுமையான நியமம் உண்டு. சூரியோதயத்திற்கு முன் 4 நாழிகை, அதாவது 96 நிமிடம், அருணோதய காலம். அந்த வேளையில் தசமி எஞ்சியிருந்தால் அது தசமீ வேதை. அன்று உபவாசம் கூடாது, மறுநாளே விரதம். எனவே தசமி முடியும் நேரம் பிழைபட்டால் விரத நாளே பிழைபடும். சந்திரன் இருக்கும் இடத்தில் ஒரு பாகை தவறினால் திதி முடிவில் ஏறத்தாழ 2 மணி நேரம், அதாவது 5 நாழிகை தவறும். ஒரு பாகை என்பது வானில் முழுநிலவின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, அவ்வளவே. அதுவே அருணோதய காலம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது! வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்கங்களைக் கொண்டு ஒரே ஊரில் இரு இல்லத்தார் வெவ்வேறு நாளில் பாரணை செய்வதற்குக் காரணம் இதுதான்.

வாக்கிய முறையை இகழ்வது தகாது. வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. எழுத்துகளில் எண்களை அடக்கிய அச்சிறு தொடர்களை மனனம் செய்து, சோழிகளைத் தரையில் பரப்பி, ஏடும் எழுத்தாணியும் இன்றிக் கிரகணத்தைக் கணித்த தமிழ்நாட்டுக் கணிதர்களின் முறையை ஜான் வாரன் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி 1825-ல் சென்னையில் வெளியிட்ட காலஸங்கலிதம் என்னும் நூலில் விரிவாகப் பதிந்திருக்கிறார். ஆயினும் சூரியனின் ஈர்ப்பால் சந்திரகதியில் விளையும் சில விலகல்களை வாக்கியங்கள் கொள்ளவில்லை. கணக்கைக் காட்சியோடு ஒப்பிட்டுத் திருத்துவதும் நம் முன்னோர் நெறியே. கேரளத்துப் பரமேச்வரர் ஆண்டுக்கணக்காகக் கிரகணங்களைக் கண்டு குறித்து, 1431-ல் த்ருக்கணிதம் இயற்றினார். த்ருக் என்றால் பார்வை.

அந்நெறியில் வந்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றி, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்கள் அறியும்படி முன்னதாகவே நூல் எழுதினார். நிலையத்தின் தூரதர்சினியில் கண்டது வீட்டுப் பஞ்சாங்கத்தோடு மாறுபடுவதை நாள்தோறும் அறிந்த அவர், த்ருக்கணித பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டார். சாஸ்திரத்தை விட்டு விலகியவராக அவர் தம்மைக் கருதவில்லை. அதன் கண்ணைத் துலக்கியவராகவே கருதினார் எனலாம்.

கணிதம் உற்ஸவத்தை எவ்வளவு நெருக்கமாக ஆள்கிறது என்பதற்குத் திருவரங்கமே சான்று. அங்கே வைகுண்ட ஏகாதசியிலிருந்து பத்து இரவுகள் இராப்பத்து. தை மாதத்தில் புனர்பூசத்தன்று தேர். மார்கழியின் கடைசியில் சுக்ல ஏகாதசி விழும் ஆண்டில், இராப்பத்து முடியுமுன்பே புனர்பூசம் வந்துவிடும். இரு உற்ஸவங்களும் மோதும். ஆகவே 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை வைகுண்ட ஏகாதசியைக் கார்த்திகையிலேயே கொண்டாடுவது அங்கு வழக்கம். 19 என்ற எண் தற்செயலாக வந்ததன்று. 19 சூரிய வருஷங்களும் 235 சாந்திர மாதங்களும் ஏறத்தாழ நாலரை மணி நேர வேறுபாட்டில் ஒத்துவிடுகின்றன. அதே காலத்தில் சந்திரன் நட்சத்திர மண்டலத்தை 254 முறை சுற்றி முடிப்பதால், திதியோடு நட்சத்திரமும் பழைய இடத்திற்கே திரும்புகிறது.

இவ்வாறே 2021 டிசம்பர் 14 அன்று, மார்கழி பிறக்க இரண்டு நாள் முன்பு, திருவரங்கத்தில் பரமபத வாசல் திறந்தது. திருமலை முதலான பிற தலங்களில் 2022 ஜனவரி 13 அன்று வைகுண்ட ஏகாதசி. மார்கழி 29, மறுநாள் தை முதல் தேதி.