ஒரே இனிஷியல், வேறு குடும்பம்

அன்புள்ள வாசகிக்கு,

போட்டித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்வதாகவும், 'சி' முடிவதற்குள் 'ஏ' மறந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒரே எழுத்துகள் கொண்ட சொற்களுக்குப் பொருளிலும் உறவு உண்டா, அதை வைத்துப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பாட்டைப் படுகிறவர்கள் பலர் என்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் அகர வரிசையை விடுங்கள். அது தேடுவதற்கு ஏற்பட்டது, படிப்பதற்கு அல்ல. 1604-இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில-ஆங்கில அகராதியில் இருந்தவை சுமார் 2,500 சொற்கள்தான். அதில் தேடுவது எப்படி என்று முன்னுரையிலேயே அவர் விளக்க வேண்டியிருந்தது. மனப்பாடத்துக்கென்றே பாட்டாக அமைந்த நம் நிகண்டுகளோ தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகப் பிரித்துக்கொண்டன. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்லும் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகைப்படி அடுக்கப்பட்டது. நினைவில் நிற்க ஏதாவது ஒரு பிடி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆங்கிலத்தில் அந்தப் பிடி உண்டா? உண்டு. டபிள்யூ, ஆர் என்று தொடங்கும் சொற்களைப் பாருங்கள். துணியைப் பிழிவது 'ரிங்'. மெக்கானிக் கையில் திருகுவது 'ரெஞ்சு'. பொட்டலத்தைச் சுற்றுவது 'ராப்', மலர்வளையம் 'ரீத்', தோல் சுருக்கம் 'ரிங்கிள்', கட்டிப் புரளும் மற்போர் 'ரெஸ்லிங்', கை திரும்பும் மணிக்கட்டு 'ரிஸ்ட்'. எல்லாவற்றிலும் ஒரு முறுக்கோ வளைவோ இருக்கிறது. தவறு என்று நாம் படித்த 'ராங்' கூட ஆதியில் கோணலைக் குறித்ததுதான். இன்று ஒலிக்காத அந்த டபிள்யூ ஒரு காலத்தில் வாயில் ஒலித்த எழுத்து. ஒலி போய்விட்டது, எழுத்துக்கூட்டல் மட்டும் தங்கிவிட்டது.

இதை 1653-லேயே கவனித்து எழுதியவர் ஜான் வாலிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதப் பேராசிரியர். முடிவிலிக்கு இன்று நாம் போடும் குறியைக் கொண்டுவந்தவரும் அவரே. லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் இப்படிப்பட்ட எழுத்துக் கூட்டங்களைப் பட்டியலிட்டார். எஸ், என் என்று தொடங்குபவற்றில் மூக்கு நிற்கும்: குறட்டை 'ஸ்னோர்', தும்மல் 'ஸ்னீஸ்', மோப்பம் 'ஸ்னிஃப்', விலங்கின் நீண்ட மூஞ்சி 'ஸ்னவுட்'. ஜி, எல் என்றால் ஒளி: 'க்ளோ', 'க்ளீம்', 'க்ளிட்டர்', 'க்ளிம்மர்'. இவ்வாறு பொருளின் சாயலைச் சுமக்கும் ஒலிக்கூட்டத்துக்கு 1930-இல் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 'ஃபோனஸ்தீம்' என்று பெயர் வைத்தார்.

ஆனால் இது சாயல்தான், விதி அல்ல. பனிக்கு 'ஸ்னோ', பாம்புக்கு 'ஸ்னேக்'. இரண்டிலும் மூக்குக்கு வேலை இல்லை. 'க்ளவ்' என்ற கையுறையில் ஒளியும் இல்லை. எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' முறுக்கிலிருந்து வரவில்லை, கீறுவதிலிருந்து வந்தது.

இதைவிட உறுதியான பிடி லத்தீன் வேர்கள். பார்ப்பதைக் குறிக்கும் 'ஸ்பெக்ட்' என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே புகுந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். வேடிக்கை பார்ப்பவர் ஸ்பெக்டேட்டர். முன்னே தெரியும் வாய்ப்பு பிராஸ்பெக்ட். கீழ்க்கண்ணால் பார்த்தால் சஸ்பெக்ட், திரும்பிப் பார்த்து மதித்தால் ரெஸ்பெக்ட். வேர் ஒன்று தெரிந்தால் முன்னொட்டு மாற மாற அடுத்த சொல் தானே பிடிபடும். இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இங்கும் ஏமாற இடமுண்டு. இனிஷியல் ஒன்றாக இருப்பதாலேயே இருவர் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா? பி, இ, டி என்ற மூன்றெழுத்து மிதிக்கும் 'பெடல்' சொல்லிலும் நடந்து செல்பவரான 'பெடஸ்ட்ரியன்' சொல்லிலும் இருக்கிறது. அது பாதத்தைக் குறிக்கும் லத்தீன். அதே எழுத்துகள் குழந்தை மருத்துவரான 'பீடியாட்ரிஷியன்' சொல்லிலும் உண்டு. அது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கம். எழுத்தை மட்டும் நம்பினால் குழந்தை மருத்துவரைக் கால் மருத்துவர் ஆக்கிவிடுவீர்கள்.

தேர்வுக்கு வெளியேயும் ஆபத்தான பொறி ஒன்று இருக்கிறது. 'இன்' முன்னே வந்தால் எதிர்மறை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 'இன்விசிபிள்' கண்ணுக்குத் தெரியாதது, சரி. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' மட்டும் எளிதில் தீப்பற்றும் என்றே பொருள்படும். அங்குள்ள 'இன்' இல்லை என்று சொல்லும் 'இன்' அல்ல, உள்ளே என்று சொல்லும் வேறொரு 'இன்'. தீப்பற்றாது என்று யாராவது தப்பாகப் படித்துவிடுவார்கள் என்பதாலேயே, 1920-களில் அமெரிக்கத் தேசிய தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுங்கள் என வற்புறுத்தியது.

ஆக, நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வேர் எழுதுங்கள். அதன் கீழ் நாலைந்து சொற்கள், ஒவ்வொன்றுக்கும் நீங்களே அமைத்த ஒரு வாக்கியம். எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். எழுத்து ஒத்துப்போய்ப் பொருள் ஒத்துப்போகாத சொல் கண்ணில் பட்டால், அகராதியில் அதன் பிறப்பைப் பார்த்து அங்கே எழுதுங்கள். தேர்வில் நான்கு விடைகளில் மூன்றை உங்களைக் குழப்புவதற்கென்றே வைப்பார்கள். அவற்றில் பல அந்த எதிர்ப்பக்கத்துச் சொற்களாக இருக்கும். அதனால் தேர்வுக்கு முந்தைய நாள் திருப்பிப் பார்க்க நேரம் குறைவு என்றால், முதலில் அந்தப் பக்கங்களைப் பாருங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்