பழைய எக்ஸ்எல் சூப்பர் மக்கர் செய்கிறதா?

ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 மொபெட் வந்தது 2015-ல். ஆனாலும் பால் கேனும் புல்லுக்கட்டும் சுமக்க, பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பரை விடாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். நல்ல வண்டி அது. வீட்டு வாசலிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். கோளாறு எதுவென்று தெரியாமல் மட்டும் உதிரி பாகக் கடைக்குப் போகாதீர்கள்.

1. ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்ப்பரேட்டருக்குப் போகும் பெட்ரோல் ட்யூபைக் கழற்றி, டேப்பைத் திறந்து பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. இந்த வேலையைத் திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். பீடி, விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது.

2. கொஞ்ச தூரம் ஓடி நின்று, சற்றுப் பொறுத்து மறுபடி கிளம்பும் வண்டிக்குப் பலர் கார்ப்பரேட்டரையே மாற்றிவிடுகிறார்கள். முதலில் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே கிளம்பினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. மூடியைக் கழுவினால் போதும், காசு செலவே இல்லை.

3. அடுத்தது பிளக். கழற்றியதும் துடைத்துவிடாதீர்கள், நிறத்தைப் பாருங்கள். காப்பிப் பொடி நிறமென்றால் இன்ஜின் நலம். கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் கூடிவிட்டது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறுகிறது. அதை அப்படியே ஓட்டக் கூடாது. புதுப் பிளக்கை ஸ்பேனரில் வைத்து முறுக்க ஆரம்பிக்காதீர்கள். ஹெட் அலுமினியம், மரை போய்விடும். கையாலேயே கடைசிவரை திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள்.

4. கார்ப்பரேட்டர் ஜெட்டைக் குண்டூசியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தாலே அழுக்கு வந்துவிடும். பிரிக்கும்போது படிப்படியாக செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஆக்சிலேட்டர் கேபிள் மாற்றியபின் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. வழியை மாற்றிப் போடுங்கள்.

6. இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ட்யூப் அதில் ஊதலாம், வெடிக்கலாம். விரலால் மடக்கிப் பாருங்கள். கீறல் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

7. கடைக்குப் போகும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பாகங்கள் மாடலுக்கு மாடல் அளவில் மாறும். பிரேக் ஷூவில் மட்டும் விலை பார்க்காமல் ஒரிஜினலே வாங்குங்கள். டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

8. 2டி ஆயிலை வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் சொன்ன அளவுக்கு அளந்து ஊற்றுங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும்.

9. மேக்னெட்டைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கெட்டுவிடும். பிஸ்டன், பேரிங் வேலைகளையும் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.