பாதிச் சக்தி எங்கே போயிற்று?



சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே நாமெல்லாரும் நெட்டுருச் செய்திருக்கிறோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். ஆனால் ஒரு சுருள்வில்லையும் இரண்டு எடைக்கற்களையும் கையில் கொடுத்து, "இங்கே சக்தி அழியவில்லை என்று கணக்குக் காட்டு" என்றால் நம்மில் பலர் விழிப்போம். அண்மையில் நம் சங்கத்து முதலாண்டு மாணவர் ஒருவர் தம் செய்முறை ஏட்டுடன் என் விடுதி அறைக்கு வந்தார். மதுரைப் பக்கத்தவர், பள்ளிப் படிப்பு முழுதும் தமிழில் படித்துவிட்டு டில்லிக்கு வந்தவர். "அண்ணே, கணக்கில் சரிபாதி காணோம். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எங்காவது ஓர் இரண்டைப் போட்டுப் பெருக்கிவிடட்டுமா?" என்றார். பெருக்க வேண்டாமென்று தடுத்தேன். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் இருவரும் சேர்ந்து பார்த்ததையே இங்கு எழுதுகிறேன்.

அவர் செய்த பரிசோதனை எளியது. இரும்புத் தாங்கியில் சுருள்வில்லைத் தொங்கவிட்டு, பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி, 100 கிராம் ஏற்றினார். வில் 4 செ.மீ. நீண்டது. 200 கிராம் ஏற்ற, 8 செ.மீ. நீண்டது. விசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு. ராபர்ட் ஹூக் கண்ட விதி இதுவே. அவர் இதை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் விடையைச் சொன்னார். பிறர் முந்திக்கொண்டு விடுவார்களோ என்ற கவலை அந்தக் காலத்திலும் இருந்தது போலும்! நிற்க. நம் வில்லை ஒரு மீட்டர் நீட்ட 24.5 நியூட்டன் விசை வேண்டும் என்று இதிலிருந்து கிடைக்கிறது.

இனிக் கணக்கைப் பாருங்கள். 200 கிராம் எடை 8 செ.மீ. கீழே இறங்கியதால் அது இழந்த நிலைச் சக்தி 0.2 × 9.8 × 0.08, அதாவது 0.157 ஜூல். வில்லில் சேர்ந்த சக்தியோ 0.078 ஜூல்தான். இதில் பிழை ஏதும் இல்லை. எடையைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பு விசை தொடக்கமுதல் முடிவுவரை ஒரே அளவு. வில்லின் விசை அப்படியன்று. சுழியில் தொடங்கிச் சிறிது சிறிதாக வளர்ந்து, கடைசியில்தான் எடைக்குச் சமமாகிறது. சராசரி எடுத்தால் பாதி. ஆகவே வில்லுக்குப் பாதிதான் போக முடியும். மற்றப் பாதி யாரிடம் போயிற்று?

நம் ஊர் வீடுகளில் உத்தரத்திலிருந்து ஸ்பிரிங் போட்டுத் தொட்டில் கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தியவுடனே கையை எடுத்துவிடுவதில்லை. தாங்கியபடியே மெல்ல மெல்லத் தணித்து, பாரம் முழுவதும் ஸ்பிரிங்கின்மேல் இறங்கிய பிறகே விடுகிறாள். அந்தப் பாதிச் சக்தியை அவள் கை வாங்கிக்கொள்கிறது. அதே வேலையைத்தான் நம் மாணவரின் கையும் செய்திருக்கிறது. எடையை அவர் நிதானமாக இறக்கினார் அல்லவா? ஏட்டில் அவர் எழுத மறந்த பற்று அவருடைய கையே.

கையை விலக்கிவிட்டால் என்ன ஆகும்? எடையை வில்லில் மாட்டி, வில் நீளாத நிலையில் பிடித்திருந்து, சட்டென்று விட்டோம். அது 8 செ.மீ.யில் நிற்கவில்லை, ஏறத்தாழ 16 செ.மீ. வரை போய்த் திரும்பியது. 16 செ.மீ. இறக்கத்தில் எடை இழந்தது 0.314 ஜூல், அப்போது வில்லில் இருப்பதும் 0.314 ஜூல். பைசா பாக்கியில்லை! பாதி வழியான 8 செ.மீ.யைக் கடக்கும்போது மட்டும், காணாமற்போன அந்த 0.078 ஜூல் இயக்கச் சக்தியாக எடையிலேயே இருக்க வேண்டும். அப்படியானால் வேகம் நொடிக்கு 0.885 மீட்டர்.

இருக்கிறதா என்று பார்க்க இன்று பெரிய கருவி வேண்டியதில்லை. நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசி ஒன்று போதும். அளவுகோலும் தெரியும்படி படம் பிடித்து, பலமுறை சராசரி கண்டோம். கிடைத்தது 0.86-ஐ ஒட்டியே நின்றது. நண்பரின் முகம் மறுபடியும் வாடிவிட்டது. எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி; ஏனெனில் இந்தச் சிறு குறைவில்தான் சுவையான செய்தி இருக்கிறது. எடை மட்டுமா ஓடுகிறது? வில்லும் ஓடுகிறது! மேல் நுனி அசைவதில்லை; கீழ் நுனி எடையின் வேகத்தில் செல்கிறது; இடைப்பட்ட சுருள்கள் அதற்கேற்ற வேகம் கொள்கின்றன. கூட்டிப் பார்த்தால் வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கை எடையோடு சேர்க்க வேண்டும் என்று வரும். எங்கள் வில் 30 கிராம். 200-உடன் 10 சேர்த்துக் கணக்கிட, வேகம் 0.864 என்று வந்தது.

ஆடிக்கொண்டிருந்த எடை பிறகு அடங்கி, பழைய 8 செ.மீ.யிலேயே நிற்கிறது. அந்த 0.078 ஜூல் இப்பொழுது காற்றிலும் கம்பியிலும் தாங்கியிலும் வெப்பமாகக் கலந்துவிட்டது. வீச்சு 8 செ.மீ.யிலிருந்து 4 செ.மீ.யாகக் குறையும்போதே முக்கால் பங்கு போய்விடும். வெப்பமானி வைத்துப் பிடிக்கலாமே என்று நண்பர் கேட்டார். அத்தனையையும் ஒரு கிராம் தண்ணீருக்குக் கொடுத்தாலும் அது டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூடச் சூடேறாது. 1850-இல் வெளியான ஆய்வில் ஜூல், எடைகளை இருபது முறை திரும்பத் திரும்ப இறக்கித் துடுப்பால் தண்ணீரைக் கலக்கியது இதனால்தான்.

ஒரு வார்த்தை எச்சரிக்கை. சாவ்ரி பஜாரில் வாங்கிய, சுருளோடு சுருள் நெருங்கிய வில்லொன்றையும் நாங்கள் சோதித்தோம். 50 கிராம் வரை அது அசையவே இல்லை. அதன் பிறகே நீண்டது. இத்தகைய வில்லின் வரைபடம் சுழிப்புள்ளி வழியே போகாது. இங்கேதான் பலர் அளவுகோலை வைத்து, புள்ளிகளை அலட்சியம் செய்து, கோட்டைச் சுழிக்கு இழுத்துவிடுகிறார்கள். இழுத்தால் சக்திக் கணக்கு உடனே கெட்டுவிடும். 200 கிராம் தொங்கும்போது இந்த வில்லில் சேர்வது பாதியன்று, எட்டில் ஐந்து பங்கு. சூத்திரத்தை நம்பாமல், கோட்டுக்குக் கீழுள்ள கட்டங்களை எண்ணிப் பரப்பைக் காணுங்கள். நண்பர் அப்படித்தான் எண்ணினார்; இரண்டால் பெருக்கும் தேவை அவருக்கு ஏற்படவில்லை.