கைலியைக் கொண்டு சரித்திரப் பாடம்

நம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் என்றால் பரீட்சைக்கு உருப்போடும் வருஷக் கணக்காகவே இருக்கிறது. தொட்டுப் பார்க்கக்கூடிய சரித்திரமும் உண்டு. வீட்டில் கிடக்கும் பழந்துணி மூட்டைதான் அது. லகாட்டிலும் பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் வீடு மாறுகிறவர்கள் முதலில் வீசுவதும் அதையே.

ஒரு பழைய கைலியை எடுத்துக்கொள்வோம். மலாய்க்காரர் இதைக் 'காயின் பெலிகாட்' என்பர். பெலிகாட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு. டச்சுக்காரர் 1613-ல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் தேடி வந்தது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்த மொலுக்காஸ் தீவுகளில் சோழமண்டலத் துணிக்கு நல்ல கிராக்கி. ஆகவே நம் நெசவாளி நெய்த துணியே அங்கே பணமாக ஓடிற்று. டச்சுக்காரருக்கு முன்னரே, 15-ஆம் நூற்றாண்டில், நம் கரையின் முஸ்லிம் வணிகர் மலாக்காவுக்குத் துணி ஏற்றி வந்தவர்கள்தாம்.

இனித் துணியைப் பிள்ளையிடம் கொடுத்துப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரு புறமும் கட்டம் ஒன்றுபோல் இருந்தால் சாயம் தோய்த்த நூலில் நெய்தது. மறுபுறம் வெளுத்திருந்தால் அச்சடித்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைத் துணி நம் கைத்தறிக்காரர் பிழைப்பில் மண் போட்ட கதையை இங்கே சொல்லலாம்.

கிழிசலையும் ஒட்டையும் தள்ளிவிடாதீர்கள். உடுப்பு நைந்து தொட்டிலாகி, பின் அடுப்படிக் கரித்துணியானது அதிலே தெரியும். ஜப்பான்காரர் ஆண்ட 1942 முதல் 1945 வரை துணி வரத்து நின்றுபோய், தோட்டத்து ஜனங்கள் சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். கையில் ஜப்பான் நோட்டு இருந்தும் வாங்கத் துணியில்லை. கடைக்காரனாகச் சொல்கிறேன்: யார் எத்தனை கெஜம் வாங்கினார் என்பது நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். அதை எத்தனை வருஷம் ஒட்டுப் போட்டு உடுத்தினார் என்பது துணியில் மட்டுமே இருக்கிறது.

கிடைத்த துணியை வெளுக்க வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். நிழலில் உலர்த்தி வெள்ளைத் துணியில் சுற்றுங்கள். யாருடையது, எங்கே வாங்கியது என்று கேட்டெழுதிய சீட்டை நூலால் கட்டுங்கள், குண்டூசி துருப்பிடிக்கும். சாக்கு உடுத்திய காலத்தில் சிறுபிள்ளைகளாயிருந்தவர்களுக்கே இன்று எண்பதுக்கு மேல். வரும் பெருநாளில் அவர்களைப் பார்க்கப் போகும்போது பிள்ளைகளையும் துணியையும் கூடவே கொண்டு போங்கள்.