நிற்க விரும்புபவருக்கு ஒரு வழி

அன்புள்ள தங்கச்சிக்கு,

சிலாபத்தில் நிதி திரட்டும் நடைபவனி ஒன்றுக்கு மருத்துவப் பொறுப்பு ஏற்றிருக்கிறீர்கள். எத்தனை கூடாரம், என்னென்ன மருந்து என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள்.

2011 ஜூலையில் ‘ட்ரெயில்’ நடைபவனி தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் சென்றது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதற்கான நடை அது. 2016இல் பருத்தித்துறையில் தொடங்கித் தெற்கே நடந்தார்கள். அதில் சேர்ந்த பணம் காலியிலுள்ள கராப்பிட்டிய வைத்தியசாலைக்கு. முழுத் தூரமும் நடந்தவர்கள் சிலர்தான். ஒரு நாள், அரை நாள் சேர்ந்து நடந்தவர்களே அதிகம். உங்கள் கவலையும் அந்த ஒருநாள் ஆட்களைப் பற்றியே இருக்கட்டும். பயிற்சி இருக்காது. பிரஷர் குளிசையை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். தாயைப் புற்றுநோயில் இழந்தவருக்கு வழியில் நிற்பது தாய்க்குச் செய்யும் குறையாகத் தோன்றும். நெஞ்சு இறுகினாலும் வாய் திறக்க மாட்டார். இங்கே முன்னேஸ்வரம் கோயில் மகோற்சவத்திலும் இதே மனம்தான். விரதம் பிடிக்கும் நீரிழிவுக்காரர் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை விட்டிருப்பார். மயங்கி விழும்வரை சொல்ல மாட்டார்.

ஆகவே உங்கள் முதல் வேலை, நிற்பதில் வெட்கம் இல்லாமல் செய்வது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வான் வரட்டும். அதில் ஏறியவருக்கும் முழுவதும் நடந்தவருக்கும் ஒரே சான்றிதழ் என்று தொடக்கத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் அறிவியுங்கள். ஒவ்வொரு தரிப்பிலும் இரண்டு மொழியும் பேசும் ஒரு தொண்டர் வேண்டும். வலியைச் சொந்த மொழியில்தான் மனிதர் சரியாகச் சொல்வார். நெஞ்சில் குத்தும் இலக்க அட்டையின் பின்புறம் நோய், மருந்து, வீட்டுத் தொலைபேசி இலக்கம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

கொப்புளமும் சுளுக்கும் நாள் முழுக்க வரும். அவற்றை முதலுதவித் தொண்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். உயிரை எடுக்கக்கூடிய மூன்றுக்கு நீங்களே ஆயத்தமாக இருங்கள்.

முதலாவது, இதயம் நின்றுபோவது. ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு குறையும். நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர்கள் பாதை முழுக்கப் பரவி இருக்க வேண்டும். அதிர்ச்சி கொடுக்கும் கருவி மோட்டார் சைக்கிளில் வரட்டும். சனம் நிறைந்த வீதியில் அம்புலன்ஸ் நகராது.

இரண்டாவது, வெப்பத் தாக்கு. சிலாபக் கரையில் காற்றே ஈரம். வியர்வை வழியுமே தவிரக் காய்ந்து உடலைக் குளிர்விக்காது. பேச்சுத் தடுமாறி, உடல் வெப்பம் 40 பாகைக்கு மேல் போனவரை ஏற்றி அனுப்ப அவசரப்படாதீர்கள். அங்கேயே குளிர்வித்துவிட்டு அனுப்புங்கள். தறப்பாளில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, ஐஸ் தண்ணீரை ஊற்றி அசைத்துக்கொண்டே இருங்கள். மீன்பிடித் துறையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. முதல் நாளே பேசி, றெஜிபோம் பெட்டிகளில் எடுத்து வையுங்கள். அக்குளில் வைக்கும் வெப்பமானியை நம்பாதீர்கள்; மலவாயில் பார்ப்பதுதான் சரியான அளவு.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அளவுக்கு மிஞ்சிய தண்ணீர். 2002 பொஸ்டன் மரதனில் இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதமானோருக்கு சோடியம் குறைந்திருந்தது. நெடுநேரம் ஓடியவர்களுக்கும், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். மெதுவாக நடந்து, தரிப்புக்குத் தரிப்பு அன்போடு நீட்டுகிற போத்தலை எல்லாம் குடிப்பவரும் இந்த வகைதான். தாகத்துக்குக் குடியுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். தலையிடி, வாந்தி, குழப்பத்தோடு விரல்களும் வீங்கியிருந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள். சேலைன் ஏற்றவும் அவசரப்படாதீர்கள். சோடியம் பார்க்கக்கூடிய இடத்துக்கு அனுப்புங்கள்.

சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நாளையும் நேரத்தையும் ஆட்தொகையையும் முன்கூட்டியே கொடுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைக்கும் தொண்டர் ‘கோயிலுக்குக் கிட்ட’ என்று சொல்லித் தடுமாறக் கூடாது. ஒவ்வொரு தரிப்புக்கும் ஓர் இலக்கமும், அருகிலுள்ள சந்தியின் பெயரும், வண்டி உள்ளே வரும் வழியும் எழுதிய தாள் எல்லார் கையிலும் இருக்கட்டும்.

கடைசியாக, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெயில் ஏறினால் நடையைச் சுருக்கவும், தேவைப்பட்டால் நிறுத்தவும் உள்ள அதிகாரத்தை ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். அன்றைக்கு மேடையில் அமைச்சர் இருப்பார், கொடை தந்தவர் இருப்பார், கமரா இருக்கும். அந்த நேரத்தில் வாதாடி வெல்ல முடியாது. கையெழுத்து இருந்தால் வாதமே வராது. தர மறுத்தால் பொறுப்பை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நோயாளருக்காகச் சேர்க்கும் பணம் இன்னொரு வீட்டை இழவு வீடாக்கி வரக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
முன்னேஸ்வரத்திலிருந்து உங்கள் அண்ணன்